பட்டியலின் கடைசி மூன்று பேர்

மே மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நார்பி ஊரின் லூத்தரன் தேவாலயத்தில் பாதிரியார் ஒன்பதே நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் இப்படிச் செய்ததே கிடையாது. பத்து மணிக்கு டிம்பர் பாரில் வெர்லின் ஆப்சால் கால்பந்து பார்க்கப் போகிறார்; அதைப் பார்க்க ஊரே போகவேண்டியிருந்தது.

அச்சுப் பிழை ஏதும் இல்லை. ஊர் போனது ஆட்டத்தைப் பார்க்க அல்ல, வெர்லின் ஆட்டம் பார்ப்பதைப் பார்க்க.

இந்த வினையை இழுத்துவிட்டவரும் வெர்லின்தான். வயது ஐம்பத்தொன்பது. மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். மினசோட்டாவில் அது சும்மா வேலை இல்லை. வருடத்தில் ஆறு மாதம் அவர் வராமல் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாது. மீதி ஆறு மாதம் அவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பனி தள்ளி முடித்துவிட்டுக் காபிக்காக டிம்பர் பாருக்குள் நுழைந்தார். தொலைக்காட்சியில் இங்கிலாந்திலிருந்து ஏதோ ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வாட்டர்பி ரோவர்ஸ் என்ற அணி தோற்றுக்கொண்டிருந்தது. மைதானத்துக் கூட்டத்தில் ஒரு கிழவர் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து முக்காலியில் ஹில்மர் லுண்ட் முட்டை தின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பேருந்து ஓட்டுகிறவர்.

“அந்தாளு ஏன் அழறாரு?” என்று வெர்லின் கேட்டார்.

“கடைசி மூணு இடத்துல வந்தா கீழ்ப்பிரிவுக்கு இறக்கிடுவாங்களாம்.”

“இறக்கிடுவாங்களா? யாரை?”

“டீமையேதான்ப்பா. மொத்தமா. அடுத்த வருஷம் சின்னச் சின்ன ஊருக்குப் போய் ஆடணும்.”

வெர்லின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். நாற்பது வருடமாக அவர் இந்த மாநிலத்து அணிகளுக்காக உட்கார்ந்து மனம் நொந்தவர். இங்கே எந்த அணி கடைசியில் வந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆகாதது மட்டுமல்ல, கல்லூரியிலிருந்து வரும் நல்ல பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்குத்தான். மண்ணைக் கவ்வியவனுக்குத் தலைவாழை இலை போட்டுச் சாப்பாடு. ஒரு தோல்வியாவது எங்காவது உண்மையிலேயே வலிக்கவேண்டும் என்று அவர் நாற்பது வருடமாகக் காத்திருந்தார் என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்கே தெரிந்தது.

“நெஜமாவே இறக்கிடுவாங்களா?” என்று மறுபடி கேட்டார்.

“நெஜமாத்தான். காபியைக் குடி, ஆறிடும்.”

அடுத்த சனிக்கிழமை மூன்று பேர் ஆனார்கள். மூன்றாவது ஆள் ஆர்டிஸ் குவாம், எதிர்த்தெருவில் தூண்டில் கடை வைத்திருப்பவள், வெர்லினோடு பள்ளியில் படித்தவள். அவள் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். ஆனால் ஆட்டம் தொடங்கினால் முடியும்வரை இமைக்காமல் பார்ப்பாள். வெர்லினுக்கும் ஹில்மருக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டது. கோல் விழுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பி, “பாத்தியா?” என்று கேட்டுக்கொள்வார்கள். இரண்டு பேரும் அப்போதுதான் சேர்ந்து பார்த்திருப்பார்கள். இருந்தாலும் கேட்டாகவேண்டும்.

மூன்று முப்பதாகி, முப்பது எண்பத்திரண்டு ஆனது. ஐஸ் ஹாக்கி தவிர வேறு எதையும் மதிக்காத ஊரில் இது எப்படி நடந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. முட்டைக்காக வந்தவர்கள் ரோவர்ஸ் மஃப்ளருக்காகத் தங்கினார்கள், மஃப்ளர் போட்டவர்கள் ரோவர்ஸின் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். தீயணைப்புத் துறை வந்து பாரில் நாற்பது பேருக்கு மேல் கூடாது என்று பலகை மாட்டிவிட்டுப் போனது. அப்போதுதான் வெர்லினுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. பார்க்கிறவர்களையும் இரண்டு பிரிவாக்குவோம். மேல்பிரிவு நாற்பது பேர் டிம்பர் பாரில். மற்றவர்கள் ஆர்டிஸின் தூண்டில் கடைப் பின்னறையில், பொடிமீன் தொட்டிகளுக்கு நடுவே, சின்னத் தொலைக்காட்சியில். வருடக் கடைசியில் மேலே கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்கள் கீழே. கீழே முதல் மூன்று பேர் மேலே.

விதிகளை அவரே எழுதினார். வந்தால் ஒரு புள்ளி. தொடக்கத்தில் பாட்டுப் பாடினால் ஒரு புள்ளி. தொண்ணூறு நிமிடமும் திரையைவிட்டு முகத்தைத் திருப்பாமல் இருந்தால் ஒரு புள்ளி. சலுகை யாருக்கும் கிடையாது. புள்ளிப் பட்டியல் பொறுப்பை அவர் மனைவி லவோன் ஏற்றுக்கொண்டாள். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஊர் பௌலிங் சங்கத்தின் செயலாளராக முப்பத்தொரு வருடம் இருந்தவள். யாருடைய கால் எந்த வருடம் எந்த ஆட்டத்தில் கோட்டைத் தாண்டியது என்று இன்றைக்கும் சொல்வாள்.

முதல் வருடமே ஆர்டிஸ் கீழே போனாள். அவள் பாடமாட்டாள், அவ்வளவுதான்.

“பாட்டு வரலைன்னா வாயையாவது அசைக்கலாமே, ஆர்டிஸ்,” என்று வெர்லின் கெஞ்சிப் பார்த்தார்.

“அசைக்கலாம். ஆனா அது பொய்யில்லையா?”

“அப்ப இறங்கித்தான் ஆகணும்.”

“சரி. ஒண்ணும் மோசமில்ல,” என்று தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நார்பியில் வீடு எரிந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அவளுக்கு வருத்தமா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. வெர்லினும் தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை.

இந்தப் பிப்ரவரியில் ஹில்மர் செத்துப்போனார். உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அடுத்த சனிக்கிழமை அவருடைய முக்காலி காலியாக இருந்ததை வெர்லினால் பார்க்க முடியவில்லை. எழுந்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாக நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசினார்.

“ஹில்மர் எங்கயும் போகல. அவன் இடத்துல அவன் படம் இருக்கணும். அவன் பேரு பட்டியல்ல இருக்கணும். அவனுக்கும் புள்ளி போடணும்.”

“செத்தவருக்குப் புள்ளி உண்டுன்னு எழுதிக்கட்டுமா?” என்று லவோன் பேனாவைத் திறந்தாள்.

“எழுது.”

எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். பதினான்காவது விதி ஒருமனதாக நிறைவேறியது. ஒரு முழ நீள மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ஹில்மரின் படத்தைச் சட்டம் போட்டு முக்காலியில் சாய்த்துவைத்தார்கள், திரையைப் பார்த்து.

வெர்லின் தனக்குத்தானே சூனியம் வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான். படம் பாடாது, உண்மை. ஆனால் படம் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. திரையைவிட்டு முகத்தைத் திருப்பியதும் இல்லை. வாரத்துக்கு இரண்டு புள்ளி சேர்ந்துகொண்டே போனது. அதேசமயம் மார்ச்சிலும் ஏப்ரலிலும் வானம் பொத்துக்கொண்டு பனி கொட்டியது. ஆறு சனிக்கிழமை வெர்லின் வண்டியிலேயே கிடந்தார். அவர் தள்ளித் திறந்துவிட்ட சாலைகளில்தான் மற்ற எல்லோரும் டிம்பர் பாருக்குப் போய்ப் புள்ளி வாங்கினார்கள்.

மே மாதம் பட்டியல் இப்படி நின்றது. நாற்பதாவது ஆள் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். முப்பத்தொன்பதாவது ஆள் ஹாக்கிக்கே திரும்பிவிட்டார். இவர்கள் இருவரும் கீழே போவது உறுதி. மூன்றாவதாகப் போகப்போவது யார் என்பதுதான் மிச்சம். அறுபத்தொரு புள்ளியில் ஹில்மர் லுண்ட். அறுபத்தொரு புள்ளியில் வெர்லின் ஆப்சால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உணவு மேஜையில் லவோன் விளக்கினாள்.

“நீ மூணு புள்ளியும் எடுத்தா ஒரு புள்ளியில தப்பிச்ச. பாட்டுல ஹில்மருக்கு ஒண்ணும் வராது. ஆனா ஒண்ணை விட்டாலும் சமம். சமமாச்சுன்னா யாரு அதிக நாள் வந்தாங்களோ அவங்களுக்குத்தான் இடம்.”

“அவன் செத்துட்டான், லவோன்.”

“ஆமா. செத்தப்புறம் ஒருநாள்கூட லீவு போடல. உன்னை மாதிரியா?”

“நீ என் பொண்டாட்டிதானே?”

“அது பட்டியல்ல இல்ல. வெண்ணெயை இப்படித் தள்ளு.”

வெர்லின் வெண்ணெயைத் தள்ளினார். அவரை அரித்தது வேறொன்று. தான் ஜெயித்தால் ஹில்மரின் படம் எதிர்த்தெருவுக்குப் போகும். தோற்றால் தான் போகவேண்டும். எப்படியும் நாளையிலிருந்து பக்கத்து முக்காலியில் ஹில்மர் இல்லை. இருந்தாலும் தான் தொடங்கிய சங்கத்தில், முதல் எண் முக்காலியை விட்டு ஊர் பார்க்க இறங்கிப் போவதா?

தப்பிக்க ஒரு வழி வராமலும் இல்லை. முந்தின வாரம் பல் டாக்டர் ஹாகன் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். இந்த வருடச் சங்கத் தலைவர் அவர்தான். யாரையும் நோகடிக்கப் பிடிக்காதவர், பல் பிடுங்கும்போதுகூட மன்னிப்புக் கேட்பவர்.

“நம்ம ஊர் வழக்கப்படி செய்வோமே, வெர்லின்,” என்றார். “கடைசியா வர்றவருக்கு அடுத்த வருஷம் நல்ல முக்காலியை முதல்ல பொறுக்கிக்கிற உரிமை. யாரும் கீழே போகவேண்டாம். எல்லாருக்கும் சந்தோஷம்.”

“அப்ப எதுக்குப் பாக்கணும், டாக்டர்?”

“எதை?”

“எதையுமே,” என்றார் வெர்லின். முகம் சிவந்துவிட்டது. “வலிக்காதுன்னா அது பல்லே இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க.”

தீர்மானம் தோற்றது. எதிர்த்து விழுந்த ஓட்டுகளில் முதல் ஓட்டு வெர்லினுடையது.

இந்தச் செய்தி பரவியபோதுதான் ஊருக்குப் பித்துப் பிடித்தது. கால்பந்து என்றால் கொட்டாவி விட்டவர்கள்கூட, ஒரு மனிதன் உண்மையிலேயே கீழே போகப்போகிறான், அவன் மனைவியே கணக்குப் போட்டு அனுப்பப்போகிறாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கே வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சாசேஜ் சுட ஆரம்பித்துவிட்டார்கள். “தாங்கு வெர்லின்” என்று எழுதிய பனியன்கள் விற்றன. “ஹில்மர் இமைக்கமாட்டார்” என்ற பனியன்கள் அதைவிட அதிகம் விற்றன. உயர்நிலைப் பள்ளி பேண்டு குழு வந்தது. தேசியகீதம் பாடினார்கள், முன்னூறு பேர் நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். தீயணைப்புத் தலைவர் நாற்பதுவரை எண்ணிவிட்டு, பிறகு சாசேஜ் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

டிம்பர் பாரில் தொலைக்காட்சி மாட்டியிருப்பது பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு மேலே. ஆகவே வெளியே நின்ற கூட்டத்துக்குத் திரை தெரியாது, வெர்லினின் முகம் நன்றாகத் தெரியும். உள்ளே இருந்த உறுப்பினர்களும் முக்காலியை வெர்லின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் இடம் பத்திரம். ஒரு புள்ளி போனால் போகிறது. ஆக, அத்தனை பேரில் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் படம்.

வெர்லின் அடித்தொண்டையில் பாடி முடித்தார். லவோன் ஒரு புள்ளி போட்டாள். ஆட்டம் தொடங்கியது.

உள்ளூர் வானொலியில் இருபது வருடமாக ஹாக்கி வர்ணனை செய்யும் லைல் ஸ்டென்ஸ்ருட் ஒரு மூலையில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

“வெர்லின் இடது கையால காபி எடுக்கிறாரு. பாக்காமயே எடுக்கிறாரு. உதட்டுக்குப் போகுது. குடிச்சிட்டாரு. ஹில்மர் பக்கம் எந்த அசைவும் இல்ல. இந்த மாதிரி நிதானத்தை நான் என் வாழ்க்கையில பாத்ததில்ல.”

முப்பத்தினாலாவது நிமிடம் வெர்லினுக்குத் தும்மல் வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. தும்மினார். கண் மூடியது. இது முகத்தைத் திருப்பியதாகுமா ஆகாதா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. ஹாகன் கைபேசியில் எடுத்த வீடியோவை லவோன் பதினொரு நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் எழுந்து நின்று, இமை மூடியது உண்மை, ஆனால் மூக்கு திரையை நோக்கியே இருந்தது, புள்ளி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னாள். வெளியே கார்கள் ஹாரன் அடித்தன. இவ்வளவுக்கும் நடுவே வெர்லின் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் ஆட்டம் அப்படி இருந்தது. வாட்டர்பி ரோவர்ஸும் அன்றைக்குக் கடைசி மூன்று இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் தப்பிக்கும். எண்பத்தெட்டு நிமிடம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. மழையில் நனைந்த அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பாடவில்லை. முப்பத்தாறு வயது இடதுபுறத் தடுப்பாட்டக்காரன் ஒருவன், பதினொரு வருடம் அந்த அணிக்கே ஆடி ஒரு கோல்கூட அடிக்காதவன், ஓரத்தில் பந்தோடு நொண்டிக்கொண்டு வந்தான். நடுவில் நிற்பவனுக்குத் தூக்கிப்போடத்தான் காலை வீசினான். ஊன்றிய கால் சேற்றில் வழுக்கியது. அவன் மல்லாக்க விழுந்தான். பந்து எங்கேயோ போகிற மாதிரி கிளம்பி, போகப்போக மனம் மாறி வளைந்து, கோல் காவலாளியின் விரல்நுனியைத் தாண்டி, கம்பத்தின் உள்பக்கம் மோதி வலைக்குள் விழுந்தது. விழுந்து கிடந்தவன் அப்படியே கிடந்து கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

பத்து வருடத்தில் இப்படி ஒரு கோலை வெர்லின் கண்டதில்லை. சந்தோஷம் ஒரேயடியாக நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. அதைத் தனியாக வைத்துக்கொள்ள அவருக்கு இடம் போதவில்லை.

வலது பக்கம் திரும்பினார். “பாத்தியா?” என்றார்.

ஹில்மர் மீனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரையைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

லைலின் குரல் உடைந்து வந்தது. “திரும்பிட்டாரு. வெர்லின் திரும்பிட்டாரு. அவர் கீழே போறாரு. இருக்கிறவங்க எல்லாரும் இந்த நிமிஷத்தை ஞாபகம் வெச்சுக்குங்க.” வெளியே முன்னூறு தொண்டைகள் ஒன்றாக அலறின. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பல் டாக்டர் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கோல்,” என்றார் வெர்லின், ஒவ்வொரு முகமாகப் பார்த்து. “கோல் விழுந்துச்சு. யாராவது பாத்தீங்களா?”

“இதுதான், இதுதான் வெர்லின்,” என்று ஹாகன் விம்மினார். “நீங்க பத்து வருஷமா என்ன சொல்றீங்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.”

“இல்ல டாக்டர், அந்த கோலு. வழுக்கி விழுந்து அடிச்சான். மறுபடி போடுவான், பாருங்க.”

மறுபடி போட்டார்கள். ஆனால் அதற்குள் லைல் தொலைக்காட்சியில் ஹாகனின் கைபேசியை இணைத்துவிட்டிருந்தார். திரையில் வெர்லினின் தலை மெதுவாக வலப்புறம் திரும்பியது. பன்னிரண்டு முறை திரும்பியது. ஒவ்வொரு முறையும் ஊர் உச்சுக்கொட்டியது. இங்கிலாந்தில் மீதி ஆட்டம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

லவோன் பட்டியலைப் படித்தாள். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. படித்து முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“வண்டியை நான் ஓட்டிட்டுப் போறேன். நீ நடந்துதான் போகணும். நீ எழுதின விதி.”

“தெரியும்.”

“நல்ல கோலா?”

“உனக்குச் சொன்னாப் புரியாது, லவோன்.”

“புரியாதுதான்,” என்றாள் அவள்.

பிறகு விடைபெறுதல். நார்பியில் யாரும் சட்டென்று விடைபெறமாட்டார்கள். “சரி அப்ப” என்று தொடையில் தட்டி எழுந்தார்கள். எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினார்கள். கதவருகே மறுபடி பேசினார்கள். வெர்லினுக்காகக் கொண்டுவந்த காபி கேக்கில் கடைசித் துண்டு இருந்தது. கடைசித் துண்டை எடுப்பது இங்கே பண்பில்லை என்பதால் பாதி வெட்டி எடுத்தார்கள், பாதியில் பாதி, அதிலும் பாதி, கடைசியில் தட்டில் ஒரு விரல்நகம் அளவு மிஞ்சியது. அதை யாரும் தொடவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து வெர்லின் கோப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இரண்டு பக்கமும் ஊர் வரிசையாக நின்று கைதட்டியது. எதிர்த்தெருவுக்கு நாற்பது அடி தூரம். பனி கொட்டும் இரவுகளில்கூட அவருக்கு அந்தத் தெரு அவ்வளவு நீளமாகத் தெரிந்ததில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

தூண்டில் கடை திறந்திருந்தது. கீழ்ப்பிரிவு முழுக்க வேடிக்கை பார்க்கப் போய்விட்டதால் பின்னறையில் ஆள் இல்லை. தொட்டிகளில் பொடிமீன்கள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஆர்டிஸ் மட்டும், கழுத்தில் மஃப்ளரோடு, கையில் வலையோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆட்டத்தின் முக்கியக் காட்சிகள் மறுபடி ஓடின; மழையில் நனைந்த ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வெர்லின் வாசலிலேயே நின்றார். இவளை இங்கே அனுப்பியது தன் கையெழுத்து.

ஆர்டிஸ் திரும்பினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“வெர்லின்,” என்றாள். “அந்த கோலைப் பாத்தியா?”

வெர்லின் கோப்பையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

“பாத்தேன்,” என்றார்.

“வேணும்னேதான் அப்படி அடிச்சான்னு நான் சொல்றேன்.”

“போ ஆர்டிஸ். அவன் தூக்கிப்போடப் பாத்தான். கால் வழுக்கிடுச்சு.”

“வழுக்கினது நெஜம். அடிச்சதும் நெஜம். பதினொரு வருஷமா ஓரத்துலயே ஓடினவனுக்கு வலை எங்க இருக்குன்னு தெரியாதா?”

இருபது வருடத்தில் அவள் பேசி அவர் கேட்ட நீளமான பேச்சு அது. அவள் காலால் ஒரு புழு டப்பாவைத் தள்ளி, பக்கத்தில் இருந்த மரப்பெட்டியைக் காலி செய்தாள். வெர்லின் போய் உட்கார்ந்தார். இருவரும் கோல் மறுபடி வரட்டும் என்று திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.